சைட்டில் மரமே வெட்டவில்லை, அப்புறம் என்ன பல்லுயிர்ப் பாதிப்பு?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. ராணிப்பேட்டையில் ஒரு காலணித் தொழிற்சாலைக்குக் கிடங்கு கட்டும் ஒப்பந்ததாரரிடம் பர்ச்சேஸ் பார்க்கிறீர்கள். தொழிற்சாலையின் வெளிநாட்டு பையர் அனுப்பிய படிவத்தில், கட்டுமானப் பொருட்களின் விநியோகச் சங்கிலியால் உலகப் பல்லுயிர் வளத்துக்கு என்ன பாதிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. இடமோ வெறும் தரிசு, ஒரு மரம்கூட வெட்டவில்லை, ஆற்று மணலும் தொடவில்லை, எல்லாம் கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட். ஆகவே "இல்லை" என்று எழுதிவிடலாமா, முடியாது என்றால் எந்த எண்ணைப் போடுவது என்று கேட்கிறீர்கள். "இல்லை" என்று எழுத முடியாது, அதில் சந்தேகமே வேண்டாம். எண் போடலாம். ஆனால் அந்த எண் எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்று தெரிந்துகொண்டு போட வேண்டும். மிச்சப் பதில் முழுக்க அதைப் பற்றித்தான்.

நான் காட்பாடியில் சிவில் படித்து, சில வருடம் சைட்டில் அளவெடுத்து பில் போட்டுவிட்டு, அப்புறம் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு என்கிற எல்சிஏ வேலைக்கு, அதாவது ஒரு பொருள் மண்ணிலிருந்து எடுப்பது முதல் கழிவாகும் வரை என்ன பாதிப்பு என்று கணக்குப் போடும் வேலைக்கு வந்தவன். பொருட்களின் கணக்கு எனக்குப் பழக்கம். பறவையையும் நத்தையையும் பற்றி நான் சொல்வதெல்லாம் அந்தத் துறைக்காரர்களிடம் படித்துத் தெரிந்துகொண்டது.

சைட்டைப் பார்த்து "இல்லை" என்று நினைத்ததில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. சட்டங்களே வேலிக்குள்தான் பார்க்கின்றன. நம் ஊரில் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கை, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கு முன்அனுமதி கேட்கிறது. அங்கே பேச்செல்லாம் மனையைச் சுற்றித்தான். சிமெண்ட் எந்த மலையைத் தோண்டி வந்தது என்று கட்டடக்காரரை யாரும் துருவுவதில்லை. இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி முதல், கட்டும் இடத்தில் பல்லுயிர் வளத்தை 10 சதவீதம் கூட்டிக் காட்ட வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். அதுவும் கட்டும் இடத்து நிலத்தை வைத்துப் போடும் கணக்குதான், பொருள் வந்த இடம் அதில் வராது. பொருள் வந்த வழியையும் பார் என்று நிறுவனங்களை நெருக்க ஆரம்பித்தது அண்மையில்தான். டிஎன்எஃப்டி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இயற்கை சார்ந்த நிதி வெளிப்படுத்தல் பரிந்துரைகள், அதாவது நிறுவனங்கள் இயற்கையை எப்படிப் பாதிக்கின்றன என்று வெளியே சொல்வதற்கான பரிந்துரைகள், 2023 செப்டம்பரில் வந்தன. உங்கள் கைக்கு வந்த படிவத்தின் பூர்வீகம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

உங்கள் கிடங்கின் அளவுப் பட்டியல் என்னிடம் இல்லை. நம் மேஸ்திரிகளுக்கு மனப்பாடமான 1000 சதுர அடி வீட்டை எடுத்துக்கொள்கிறேன். சிமெண்ட் சுமார் 400 மூட்டை, அதாவது 20 டன். கம்பி 4 டன். மணல் 18 யூனிட் வாக்கில் (யூனிட் என்பது 100 கன அடி), எடையில் 80 டன். ஜல்லி 13, 14 யூனிட், ஏறத்தாழ 60 டன். செங்கல் 20 டன்னுக்குக் கொஞ்சம் மேல். எடையில் முக்கால் பங்கு மணலும் ஜல்லியும்தான். இதே பட்டியலைக் கார்பன் கணக்கில் போட்டால் வரிசை தலைகீழாகிவிடும். சிமெண்டும் கம்பியும் உச்சிக்குப் போகும், மணலும் ஜல்லியும் கடைசி வரியில் கிடக்கும். பல்லுயிர்க் கணக்கில் இந்த இரண்டு வரிசையும் உதவாது. இங்கே எவ்வளவு என்பதைவிட எங்கிருந்து என்பது பெரிய கேள்வி. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு அரியலூரில் வந்தாலும் ஆஸ்திரேலியாவில் வந்தாலும் வானத்துக்கு ஒன்றுதான். ஒரு டன் கல் அப்படி அல்ல.

ஜல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பட்டியலில் எல்லாரும் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும் பொருள் அதுதான். வடாற்காடு முழுக்கப் பாறைக் குன்றுகள். வேலூரில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் நாலு குன்று தெரியும். வெளியூர்க்காரர்கள் அதை மொட்டை மலை என்பார்கள். வருவாய்த் துறைப் பதிவேட்டிலும் பல குன்றுகள் பாறைப் புறம்போக்கு என்றுதான் இருக்கும். ஆனால் பாறை இடுக்கில் தேங்கும் ஈரத்தை நம்பி வளரும் முட்புதர்களும், குண்டுப் பாறைகளின் நிழலும், ஆடு ஏற முடியாத விளிம்புகளும் சேர்ந்து, சுற்றியிருக்கும் வயல்காட்டில் இல்லாத ஒரு வாழிடத்தை அங்கே உண்டாக்கி வைத்திருக்கின்றன. பாறை விளிம்பில் கொம்பன் ஆந்தை கூடு வைக்கும். பாறை ஓணான் வெயில் காயும். மஞ்சள்தொண்டைச் சின்னான் என்று ஒரு பறவை உண்டு. தென்னிந்தியத் தீபகற்பத்தின் பாறைக் குன்றுகளைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் அது கிடையாது. பாலாறு பிறக்கும் நந்தி மலையில் இருக்கிறது, மதனப்பள்ளிப் பக்கத்து ஹார்ஸ்லி மலையில் இருக்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அது அழிய வாய்ப்புள்ள இனம். கல் வெட்டுவது அதற்கு உள்ள ஆபத்துகளில் ஒன்று.

"உலகப் பல்லுயிர்" என்று படிவத்தில் போட்டிருப்பதால் அமேசான் காடு, போர்னியோ காடு என்று யோசித்துவிடுகிறோம். உலகத்தில் இங்கே மட்டுமே இருக்கும் ஓர் உயிர் இங்கே போனால், அது உலகக் கணக்கில்தான் போகிறது. உங்கள் பட்டியலில் இறக்குமதிப் பொருள் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அந்தக் கட்டத்துக்குப் பதில் உண்டு.

எம்-சாண்ட் விஷயத்துக்கு வருகிறேன். பாலாற்றில் மணல் அள்ளியதால் என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாலாறு வருடத்தின் பெரும்பகுதி வறண்டு கிடந்தாலும் மணலுக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஊற்றுக்கால் வெட்டி அதில் பாசனம் நடந்தது. படுகை இறங்க இறங்க அந்த ஊற்றெல்லாம் போயிற்று, சீமைக் கருவேலம் ஆற்றுக்குள்ளேயே ஏறிக்கொண்டது. ஆகவே ஆற்று மணலை விட்டது நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எம்-சாண்ட் வானத்திலிருந்து வரவில்லை. முன்பு ஜல்லிக்கு மட்டும் உடைத்த குன்றை இப்போது மணலுக்கும் சேர்த்து உடைக்கிறோம். நம் உதாரண வீட்டில் 60 டன் கல் 140 டன் ஆகிவிட்டது. ஆற்றின் மேல் இருந்த சுமையைக் குன்றின் மேல் மாற்றியிருக்கிறோம். படிவத்தில் "எம்-சாண்ட், ஆகவே பாதிப்பு இல்லை" என்று எழுதினால், விவரம் தெரிந்தவர் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சரி, இதை எண்ணாக்கும் முறைகளைப் பார்ப்போம். எல்சிஏவில் பல்லுயிர்ப் பாதிப்பைப் பெரும்பாலும் நிலப்பரப்பு வழியாகத்தான் போடுகிறார்கள். ஒரு பொருளைச் செய்ய எவ்வளவு நிலம் எத்தனை ஆண்டு பிடிக்கப்பட்டது, அந்த நிலம் எந்தச் சூழல் மண்டலத்தில் இருக்கிறது, அங்கே இயற்கை நிலம் குறைந்தால் எத்தனை இனங்கள் காலப்போக்கில் இல்லாமல் போகும் என்று ஒரு கணக்கு. பரப்பு குறையக் குறைய அதில் தங்கும் இனங்களும் குறையும் என்பது நூறாண்டுக்கு மேலாகச் சூழலியலில் பழகிய உறவு. அதில் பெரிய சண்டை இல்லை. சண்டை எல்லாம் அதை ஒரு மூட்டை சிமெண்ட் வரைக்கும் இழுத்துக்கொண்டு வருவதில்தான்.

நம் 140 டன் கல்லை அந்த முறையில் போட்டுப் பாருங்கள். கல்லின் அடர்த்தி கன மீட்டருக்கு 2.65 டன் வாக்கில், அப்படியானால் 53 கன மீட்டர். குவாரி 40 மீட்டர் ஆழம் போகிறது என்று வைத்தால், குன்றில் பிடிக்கும் பரப்பு சுமார் 1.3 சதுர மீட்டர். ஒரு கட்டில் போடவும் காணாது. அந்த இடத்தை 30 வருடத்துக்குப் பிடித்ததாக வைத்தாலும் 40 சதுர மீட்டர்-ஆண்டுதான். அதே வீட்டின் கதவு, நிலை, ஜன்னலுக்கு 50 கன அடி தேக்கு போட்டால்? அறுத்தபின் பாதிதான் தேறும், ஆகவே உருட்டு மரமாக 2.8 கன மீட்டர் வேண்டும். தோட்டத் தேக்கு ஹெக்டேருக்கு வருடம் 6 கன மீட்டர் வளரும் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய அரை ஹெக்டேர், ஒரு ஏக்கருக்கும் மேலான நிலம், ஒரு வருடம் முழுக்க இந்த ஒரு வீட்டின் கதவுக்காக நின்றிருக்கிறது. கல்லைவிட நூறு மடங்கு. வெறும் பரப்பை வைத்துப் பார்க்கும் எந்த மென்பொருளும் "மரத்தைக் குறை, கல் பரவாயில்லை" என்றுதான் சொல்லும்.

அது பாதி உண்மை. மரத்தின் பின்னால் இருக்கும் நிலம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது நிஜம், அதைக் காட்டிக்கொடுத்ததற்கு இந்த முறைக்கு நன்றி சொல்லலாம். ஆனால் கானாவில் தோட்டம் போட்டு வளர்த்த தேக்கும் பர்மாவின் இயற்கைக் காட்டில் வெட்டிய தேக்கும் ஒன்றல்ல. மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்தியது. கடைக்காரர் இன்றும் "பர்மா தேக்கு" என்று விலை சொன்னால், எந்த வருடம், எந்த வழி என்று கேட்க வேண்டும். கிடங்கு வேலையில் நிலைக்கதவு குறைவு. உங்கள் கட்டடத்தில் மரம் ஒளிந்திருக்கும் இடம், கான்கிரீட்டைத் தாங்க அடிக்கும் சென்ட்ரிங். ப்ளைவுட், சவுக்குக் கம்பு எல்லாம் நாலு முறை அடித்துவிட்டு விறகுக்குப் போவதால் பில்லில் பொருளாகவே வராது, லேபர் ரேட்டுக்குள் போய்விடும். அதை மறக்காமல் பிரித்து எழுதுங்கள்.

இன்னொரு பாதிக்கு, அதாவது இந்த முறை பார்க்காமல் விடுவதற்கு வருகிறேன். இந்த முறைகளில் பரவலாகப் பயன்படும் ஒரு குணகத் தொகுப்பு (குணகம் என்றால் இத்தனை நிலத்துக்கு இவ்வளவு பாதிப்பு என்று மாற்றும் பெருக்கல் எண்), உலகத்தை 804 தரைச் சூழல் மண்டலங்களாகப் பிரித்து, பாலூட்டி, பறவை, தவளை இனங்கள், ஊர்வன, தாவரம் ஆகியவற்றுக்குக் கணக்குப் போடுகிறது. நிலப் பயன்பாடு ஆறே வகை. குவாரி என்று தனி வகை கிடையாது, அதை நகரப் பகுதியோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். நத்தையும் பூச்சியும் கணக்கிலேயே இல்லை. இது ஏன் பெரிய விஷயம் என்றால், சிமெண்டுக்குத் தோண்டும் சுண்ணாம்புக்கல் மலைகளில் மிக அதிகம் அடிவாங்குவது நத்தைகள்தான். மலேசியாவின் பகாங் மாநிலத்தில் புக்கிட் பன்சிங் என்ற சுண்ணாம்புக் குன்றில் மட்டும் ஒரு சின்ன நத்தை வாழ்ந்தது, பிளெக்டோஸ்டோமா சயாஃபிலம் என்று பெயர். குன்றை வெட்டி முடித்தார்கள், இனமும் முடிந்தது. அதே நாட்டில் ஈப்போ அருகே கந்தான் மலையில் இன்னொரு நத்தையை 2014இல் விவரித்த ஆய்வாளர்கள், அங்கே கல் எடுத்த சிமெண்ட் நிறுவனத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: சரோப்பா லஃபார்ஜி. உன் கையில்தான் இதன் உயிர் இருக்கிறது என்று சொல்லாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. இப்படி ஒற்றைக் குன்றோடு ஓர் இனமே முடிந்துபோவதை, மண்டல சராசரியில் ஓடும் மாடல் பார்க்காது. அதன் கண்ணுக்கு அது சில ஹெக்டேர்.

இதற்காக, நீங்கள் வாங்கும் சிமெண்டும் நத்தையைக் கொன்றது என்று எழுதிவிடாதீர்கள். வேலூர்ப் பக்கம் வரும் சிமெண்டில் பெரும்பகுதி அரியலூர்ச் சுண்ணாம்பு அல்லது கடப்பைப் பக்கத்துச் சுண்ணாம்பு. அரியலூரில் இருப்பது கடல் பின்வாங்கிய படிவு, சமவெளி. மலேசியாவின் குகை மலைகளோடு அதை ஒப்பிட முடியாது. அங்கே கவலை வேறு: முட்புதர்க்காடு, தூசி, சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீர், பக்கத்து ஏரிகள். 2024இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் அதே மாவட்டத்தில்தான். கடப்பைப் பக்கம் புதர்க்காட்டில்தான், அழிந்துவிட்டது என்று நினைத்திருந்த ஜெர்டான் கோர்சர் என்ற பறவையை 1986இல் மீண்டும் கண்டார்கள். உங்கள் மூட்டை அந்தப் புதரைத் தொட்டதா இல்லையா என்பது ஆலையின் சுரங்கம் எங்கே என்பதைப் பொறுத்தது. மூட்டையில் ஆலையின் முகவரியும் தயாரித்த வாரமும் அச்சடித்திருக்கும். அங்கிருந்து சுரங்கத்தைக் கண்டுபிடிப்பது அரைநாள் வேலை.

கம்பியில் ஒரே அளவில் இரண்டு விதமான கதை உண்டு. பெரிய ஆலையின் கம்பி இரும்புத் தாதிலிருந்து வருவது: டன்னுக்கு ஒன்றரை டன் தாது, கூடவே கோக் நிலக்கரி. தாது ஒடிசாவின் கியோஞ்சர் காடுகளிலிருந்து வரலாம், பெல்லாரி, சண்டூரிலிருந்தும் வரலாம். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சிறு ஆலைகளில் பழைய இரும்பை உருக்கி இழுக்கும் கம்பிக்குச் சுரங்கக் கணக்கு மிகவும் குறைவு. ஆனால் பலர் ஸ்பாஞ்ச் அயர்ன் கலப்பார்கள், அது தாதிலிருந்து செய்வதுதான். தரச் சான்றிதழில் ஹீட் நம்பர், அதாவது எந்த உருக்கில் வந்தது என்ற எண் இருக்கும். கேட்டால் கலவை விகிதம் சொல்லும் ஆலைகளும் உண்டு, போனை வைத்துவிடும் ஆலைகளும் உண்டு.

கார்பனையும் விட முடியாது. சிமெண்ட் மட்டுமே உலகக் கார்பன் டை ஆக்சைடில் 7, 8 சதவீதம். பருவநிலை மாற்றம் உயிரினங்களைப் பாதிக்கிறது என்பதில் சந்தேகமில்லை. பல்லுயிர் பற்றி நாடுகளுக்கு அறிவியல் ஆலோசனை சொல்லும் ஐபிபிஇஎஸ் அமைப்பின் அறிக்கை 2019இல் சொன்ன ஐந்து நேரடிக் காரணங்களில் அது ஒன்று. ஆனால் இத்தனை கிலோ கார்பனுக்கு இத்தனை இனம் என்று மாற்றும் குணகத்தில் இருக்கும் தடுமாற்றம் பெரிது. அதைக் குவாரிக் கணக்கோடு கூட்டி ஒரே எண்ணாக்கினால், கார்பன் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். கார்பனைத் தனி வரியில் வையுங்கள்.

உலக அளவிலான எண்களைப் படிவத்தில் தூவும் பழக்கமும் இருக்கிறது. நிலம் சார்ந்த பல்லுயிர் இழப்பில் 90 சதவீதத்துக்கு மேல் வளங்களை எடுப்பதாலும் பதப்படுத்துவதாலும் வருகிறது என்று சர்வதேச வளக் குழு 2019இல் சொன்னது. அதைக் கட்டுமானத்தின் தலையில் கட்டும் கட்டுரைகளைப் பார்க்கிறேன். அந்த 90இல் மிகப் பெரும்பகுதி பயிர், மேய்ச்சல், மரம். மணல், ஜல்லியின் பங்கு அதில் சின்னது. இனங்களுக்கு உள்ள அச்சுறுத்தல்களில் 30 சதவீதம் சர்வதேச வணிகத்தால் என்று 2012இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வும் அப்படித்தான். அது அச்சுறுத்தல்களின் எண்ணிக்கை, அழிந்த இனங்களின் எண்ணிக்கை அல்ல. உலகம் ஆண்டுக்கு 5,000 கோடி டன் மணலும் ஜல்லியும் எடுக்கிறது என்ற ஐநா சுற்றுச்சூழல் அமைப்பின் 2022 மதிப்பீட்டைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அது எடை. சம்பல் ஆற்றில் மணல் திட்டை அள்ளினால் முதலை இனமான கரியல் முட்டையிட இடமில்லாமல் போகிறது. அதே டன் வேறு இடத்தில் எடுத்தால் அந்தச் சேதம் இல்லை.

ஆகவே உங்கள் கட்டத்தில் நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன். முதலில் பொருள், அளவு, வந்த இடம். இடம் எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்பதையும் பக்கத்திலேயே போடுவேன்: சுரங்கம் வரை தெரியும், ஆலை வரை தெரியும், கடை வரைதான் தெரியும். இந்த மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அப்புறம், தெரிந்த இடங்களுக்குக் காப்புக்காடு, சரணாலயம், ஏரி எவ்வளவு தூரம், அங்கே சிவப்புப் பட்டியலில் உள்ள இனம் எது என்று ஒரு வரி. பெரிய சுரங்கங்களுக்கும் குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதிக் கோப்புகள் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, எல்லைப் புள்ளிகளோடு. அந்த அறிக்கைகளின் விலங்குப் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். பக்கத்து மாவட்ட அறிக்கையிலிருந்து எழுத்துப்பிழையோடு நகலெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள், இனங்களை வேறு இடத்தில் சரிபாருங்கள். கடைசியில், பையர் எண் கேட்டே தீருவார் என்றால், நிலப்பரப்புக் குணகத்தில் வரும் எண்ணைப் போட்டு, அதில் நத்தை, பூச்சி இல்லை, குவாரி நகரமாகக் கணக்கிடப்பட்டது என்று கீழே ஒரு குறிப்பு.

உழைப்பை எதில் போடுவது என்று கேட்டால், கல்லில் போடுங்கள் என்பேன். சிமெண்டையும் கம்பியையும் பற்றி உலகத்தில் ஆயிரம் பேர் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள், உங்கள் ஜல்லி வந்த குன்றைப் பற்றி எழுத உங்களைத் தவிர ஆளில்லை. குவாரியிலிருந்து கல் உடைக்கும் க்ரஷருக்கு ஒரு நடைச்சீட்டு (லாரியில் கல் கொண்டுபோக அனுமதிச் சீட்டு), க்ரஷரிலிருந்து சைட்டுக்கு வேறொரு நடைச்சீட்டு. டிப்பர் டிரைவர் உங்கள் ஸ்டோர் கீப்பரிடம் கொடுப்பது இரண்டாவது. குன்றின் புல எண் இருப்பது முதலாவதில். க்ரஷர்காரர் ஒருவரே நாலு குவாரியின் கல்லைக் கலந்து உடைப்பார், அதனால் மாதவாரியாக எந்தக் குவாரி எவ்வளவு என்று ஒரு கடிதம் கேளுங்கள். அடுத்த ஆர்டருக்கு முன்னால் கேட்டால் கொடுப்பார், பில் செட்டில் ஆனபிறகு கேட்டால் கொடுக்க மாட்டார். அதே சமயம் உங்கள் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் தரைத்தளக் கான்கிரீட் தடிமனை ஒருமுறை மறுகணக்குப் போடச் சொல்லுங்கள். கிடங்குகளில் லாரி ஓடும் பாதைக்கு வேண்டிய தடிமனைத் தளம் முழுக்கப் போடுவது நம் பக்கத்து வழக்கம். அதில் மிச்சமாகும் கல், எந்தக் குணகமும் இல்லாமல் உறுதியாகச் சொல்லக்கூடிய எண்.